மூண்டு நெகற்றிவுக்கு மூண்டு பானை

1

நான் ஜேர்மனிக்கு வந்து இறங்கின நாளை ஒவ்வொரு வரியமும் கொண்டாடுறனான். கொண்டாட்டம் எண்டால் பெரிசா ஒண்டுமில்லை. சந்தியிலை இருக்கிற பேக்கரியிலை ஒரு கிறீம் கேக் வாங்கி, எங்கடை மனிசனுக்கு முன்னாலை வைச்சு, "இண்டைக்கு உங்கடை சுதந்திரம் போன நாள்" எண்டு சொல்லி வெட்டுறது. அவர் மறுத்து ஒண்டும் கதைக்கிறேல்லை. பெரிய துண்டா எடுத்துத் தின்னுவார். இருவத்தேழு வரியமா இதுதான் எங்கடை திருவிழா.

இந்த முறை அதே நாளிலைதான் ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னவை. இடப்பக்க மார்பிலை ஒரு கட்டி. குளிக்கேக்கை கையிலை தட்டுப்பட்டது. ஊசி விட்டு அதிலை கொஞ்சம் எடுத்து ஆராய்ச்சிக்கு அனுப்பினவை, மறுமொழி வந்திட்டுதாம். திரும்பி வரேக்கை பேக்கரி பூட்டிப் போடுமே எண்டு கேக்கை முதலே வாங்கிப்போட்டன். பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு டொக்ரருக்கு முன்னாலை போய் இருந்தன். பாக்கிறவைக்கு ஆரோ பிள்ளைப்பெத்த வீடு பாக்க வந்த மாதிரி இருந்திருக்கும்.

டொக்ரர் ஒரு பொம்பிளை. என்னைவிட வயது குறைஞ்சவா. அவா கதைக்கத் தொடங்கினா. என்ரை ஜேர்மன், வயோதிபர் இல்லத்துக் குசினியிலை படிச்ச ஜேர்மன். உருளைக்கிழங்கு, சூப்பு, உப்புக் குறைவு, கிழவற்றை பல்செற் எங்கை, இதுகளிலை என்னை வெல்ல ஆளில்லை. ஆஸ்பத்திரி ஜேர்மன் வேறை. அதாலை எனக்குத் தெரிஞ்ச சொல்லு எங்கையாவது வருதோ எண்டு காது குடுத்துக்கொண்டு இருந்தன். வந்தது. "நெகற்றிவ்" எண்டா. கொஞ்சத்தாலை பேந்தும் "நெகற்றிவ்". மூண்டாம் தரமும் "நெகற்றிவ்".

கொரோனாக் காலத்திலை நாங்கள் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் மூக்குக்குள்ளை குச்சி விட்டுப் பாத்த ஆக்கள். நெகற்றிவ் எண்டால் உள்ளுக்குப் போ, பொசிற்றிவ் எண்டால் வீட்டை ஓடு. அப்பிடிப் பழகின காது இது. நான் எழும்பி டொக்ரரின்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கி, "நன்றி, நன்றி, ஒரு துண்டு கேக் சாப்பிடுறீங்களோ?" எண்டு கேட்டன்.

அவா கையை விடேல்லை. அப்பிடியே பிடிச்சுக்கொண்டு என்னை இருக்கச் சொன்னா. அப்பதான் ஏதோ பிழை எண்டு விளங்கினது. இந்த நாட்டிலை டொக்ரர்மார் சும்மா கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கமாட்டினம்.

புற்றுநோய்தான். அதிலை சந்தேகமில்லை. மார்பிலை வாறதிலை கன வகை இருக்காம். சிலது உடம்பிலை ஓடுற ரெண்டு ஹோர்மோனைத் திண்டு வளருமாம். சிலது ஒரு புரதத்தைப் பிடிச்சுக்கொண்டு வளருமாம். அதுகளை மறிச்சு விட்டால் வருத்தம் பட்டினி கிடக்கும், அதுக்கெண்டு மருந்துகள் இருக்கு. என்ரை கட்டியிலை அந்த மூண்டையும் தேடிப் பாத்தவை. இல்லை. இல்லை. இல்லை. அதாலை அந்த மருந்துகள் இதுக்குக் கேக்காது. வேறை கெதியா வளருற சாதியாம். ஆனால் கெதியா வளருறதுக்குக் கீமோ நல்லாப் பிடிக்கும் எண்டா. முதல் கீமோவும், உடம்பின்ரை எதிர்ப்பைத் தட்டி எழுப்பிற இன்னொரு மருந்தும். பேந்து ஒப்பிறேசன். "குணமாக்கிறதுதான் எங்கடை நோக்கம்" எண்டா. அந்த ஒரு வசனம் எனக்கு வடிவா விளங்கினது. அதை இன்னொருக்காச் சொல்லச் சொல்லிக் கேட்டன். சொன்னா.

வீட்டை வந்து கேக்கை வெட்டினன். மனிசன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இண்டைக்கு வேண்டாமப்பா, விடும்" எண்டார்.

"கிறீம் பழுதாப் போடும். தின்னுங்கோ. நான் பழுதாப் போறதுக்கு இன்னும் நாள் கிடக்கு" எண்டன்.

திண்டார். அழுதுகொண்டு திண்டார். ஆனால் பெரிய துண்டுதான்.

2

எங்களுக்கு ஒரே ஒரு மகள், அபி. வேறை பட்டினத்திலை தங்கிப் படிக்கிறாள். போன வரியம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமையிலை எடுத்து "ம்", "ஓம்", "சாப்பிட்டன்" எண்டு மூண்டு சொல்லு கதைச்சுப்போட்டு வைச்சிடுவாள். தமிழ் கேட்டால் விளங்கும். கதைக்க வெளிக்கிட்டால் சொல்லுகள் தும்பு தும்பாத்தான் வரும். அண்டைக்குப் பின்னேரம் அவளுக்கு எல்லாத்தையும் ஜேர்மனிலை சொன்னன். ரெலிபோனிலையே அழுதாள். நான் பேந்து போனை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டன்.

அங்கை வன்னியிலை, எங்கடை ஊர் ஒட்டுசுட்டானிலை, என்ரை அக்கா மறுமொழி என்னெண்டு தெரியாமல் தவிச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. என்ரை போன் வேலை செய்யேல்லை எண்டவுடனை அபிக்கு எடுத்திருக்கிறா.

"பிள்ளை, அம்மாவுக்கு என்னவாம் சொன்னவை?"

அபி தன்ரை தமிழ்ப் பெட்டியைத் திறந்து தேடியிருக்கிறாள். புற்றுநோய் எண்ட சொல்லு அதுக்குள்ளை இருக்கேல்லை. இருந்ததைச் சொன்னாள்.

"மூண்டும் நெகற்றிவ், பெரியம்மா."

பொய் சொல்லேல்லை, பாருங்கோ. அச்சொட்டா உண்மை. அக்கா "என்ரை தாயே!" எண்டு கத்தினது மட்டும்தான் அபிக்குக் கேட்டதாம். போன் வைச்சாச்சு.

விடிய எழும்பி என்ரை போனைத் திறந்தால் படம் படமா வந்து விழுது. அம்மன் கோயில் வெளி. மூண்டு அடுப்பு. மூண்டு பானை. மூண்டும் பொங்கி வழியுது. அக்கா போன தையிலை கட்டின புதுச் சீலையோடை, முகமெல்லாம் புகை, கையிலை அகப்பை. பிறகு ஊர்ச்சனம் வரிசையா இருந்து வாழையிலையிலை சாப்பிடுற படம். கடைசியா ஒரு குரல்பதிவு:

"மலர், ஒரு நெகற்றிவுக்கு ஒரு பானை எண்டு மூண்டு வைச்சனான். மூண்டும் கிழக்கை பாத்துத்தான் பொங்கினது. எடியே, நீ என்னையும் வெருட்டி இந்த ஊரையும் வெருட்டிப் போட்டாய். இனி ஒழுங்காச் சாப்பிட்டுக்கொண்டு இரு."

எனக்கு வந்த கான்சருக்கு மூண்டு பானை பொங்கி, ஊருக்கே சாப்பாடு குடுத்தாச்சு. உலகத்திலை வேறை ஆருக்காவது இந்த மரியாதை நடந்திருக்குமோ தெரியாது.

3

எடுத்தன். எடுக்காமல் விடேலுமோ?

"அக்கா, பொங்கல் எப்பிடி?"

"திறம். பக்கத்து வீட்டுப் பரமேசு ரெண்டாம் தரமும் வாங்கித் திண்டவள்."

"அக்கா, இது நல்ல நெகற்றிவ் இல்லை."

"நெகற்றிவிலை என்னடி நல்லது கூடாதது?"

சொன்னன். டொக்ரர் எனக்குச் சொன்ன மாதிரியே, ஆறுதலா, ஒவ்வொண்டாச் சொன்னன். 

"அப்ப நான் என்னத்துக்கடி பொங்கினனான்?"

"கான்சருக்கு."

"வாயைப் பொத்தடி!"

"பரமேசு ரெண்டாம் தரமும் வாங்கித் திண்டவள் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்..."

அக்காவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிப்பு வந்த கோவத்திலை அழுகையும் வந்திட்டுது. ரெண்டும் சேந்து வர, மூக்கைச் சீறிப்போட்டுத்தான் பேந்து கதைச்சவா.

"மூண்டு மருந்தும் கேக்காதோ?"

"கேக்காதாம்."

"அப்ப அது இஞ்சை நிக்கிற ஆனை மாதிரி."

இந்த இடத்திலை ஆனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லோணும். எங்கடை அப்பா யாழ்ப்பாணத்து ஆள். குளத்துக்குக் கீழை காணி குடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு வன்னிக்கு வந்தவர். முதன்முதல் ஆனையைக் கண்ட உடனை, "பள்ளிக்கூடப் புத்தகத்திலை இது இதைவிடச் சின்னனா எல்லே இருந்தது" எண்டு சொன்ன மனிசன். ஆனைக்கும் எங்கடை குடும்பத்துக்கும் அண்டையிலையிருந்து வழக்குத்தான். சண்டையிலை இடம்பெயர்ந்து போய், எல்லாம் முடிஞ்சு, அக்கா திரும்பி வந்து வயலைத் துப்பரவாக்கினால், ஆனை அவாவுக்கு முதலே திரும்பி வந்து நிக்குதாம்.

இப்ப நிக்கிற ஆனை வெடிக்குப் பயப்பிடாதாம். வெளிச்சத்துக்குப் பயப்பிடாதாம். மின்சார வேலி போட்டால், மரத்தை முறிச்சு வேலிக்கு மேலை விழுத்திப்போட்டு அதிலை ஏறி வருமாம்.

"மூண்டும் நெகற்றிவ்" எண்டன்.

"ஓம். அதுவும் மூண்டும் நெகற்றிவ்தான்."

"அப்ப என்ன செய்யிறனீங்கள்?"

"என்ன செய்யிறது? எல்லாருமாச் சேந்து கத்திறதுதான். தகரம், சட்டி, கோப்பை, கையிலை அம்பிட்ட எல்லாத்திலையும் தட்டிக்கொண்டு நிக்கிறது. ஒராள் ரெண்டு பேர் நிண்டால் அது அசையாது. ஊரே நிண்டால், ஒரு நேரத்திலை அதுக்கு அலுத்துப்போய்க் காட்டுக்குப் போயிடும்."

"வயல்?"

"எங்கடை காலாலையும் கொஞ்சம் மிதிபடத்தான் செய்யும். அதைப் பாக்கேலாது. ஆனால் ஓடக்கூடாது, கண்டியோ. ஓடினவன்ரை வயலுக்கைதான் அது ஆறுதலா நிண்டு தின்னும்."

கீமோ எண்டால் என்னெண்டு ஆஸ்பத்திரியிலையும் படம் போட்டு விளங்கப்படுத்தினவை. அவையும் இதைத்தான் சொன்னவை. கட்டியையும் அடிக்கும், அதோடை மயிர், நகம், வாய், வயிறு எண்டு நல்லதையும் கொஞ்சம் மிதிக்கும் எண்டவை. ஆனை எண்டு மட்டும் சொல்லேல்லை.

வைக்க முதல் அக்கா சொன்னா: "அம்மன் பொங்கலை முதலே வாங்கிப் போட்டா. ஊரும் திண்டிட்டுது. இனி அவா செய்துதான் ஆகோணும். நான் இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

போயும் இருக்கிறா. என்ன சொன்னவா எண்டு கேட்டன். "அது எனக்கும் அவாவுக்கும் இடையிலை" எண்டா.

4

கீமோ கிழமைக்கு ஒருக்கா, செவ்வாய்க்கிழமையிலை. தோள்மூட்டுக்குக் கீழை தோலுக்குள்ளை ஒரு சின்னப் பெட்டி வைச்சு, அதுக்குள்ளாலை மருந்து ஏத்திறவை. சாய்மனைக் கதிரையள் வரிசையா இருக்கும். முதல் நாள் எனக்குச் சரியான பயம். பகிடி விட வாயைத் திறந்தன். ஒண்டும் வரேல்லை. எனக்குப் பகிடி வராதது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தரம்.

அப்பதான் போனிலை வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் "டங், டங், டங், டங்!"

அக்கா! வீட்டு முத்தத்திலை நிண்டு தகரத்திலை தட்டுறா. பக்கத்திலை பரமேசு சட்டியோடை. பின்னாலை அத்தான், அக்காவின்ரை மனிசன், உரப்பையைத் தோளிலை போட்டுக்கொண்டு, வெக்கத்திலை ஒரு கோப்பையிலை கரண்டியாலை மெல்லத் தட்டுறார். மூண்டு பேருமாய்க் கத்தினம்: "போ! போ! அங்காலை போ!"

நேர்ஸ் ஓடி வந்தா, என்ன சத்தம் எண்டு. "எங்கடை ஊரிலை ஆனை கலைக்கினம்" எண்டன். அவா என்ரை முகத்தைப் பாத்து, மருந்துப் பையைப் பாத்து, மருந்து தலைக்கு ஏறிட்டுதோ எண்டு யோசிச்சிருப்பா. பக்கத்துக் கதிரையிலை ஒரு வயது போன ஜேர்மன் மனுசி. அவாவுக்குக் கதையை முழுக்கச் சொன்னன். என்ரை குசினி ஜேர்மனிலைதான் சொன்னன். அடுத்த செவ்வாய் அக்காவின்ரை அழைப்பு வர, அந்த மனுசி தன்ரை மோதிரத்தாலை மருந்து தொங்கிற கம்பியிலை "டிங், டிங்" எண்டு தட்டினா. அதுக்கு அடுத்த கிழமை அவா கரண்டி கொண்டு வந்தவா.

அது நிக்க, அபியின்ரை தமிழாலை இன்னொரு கூத்து நடந்தது.

அபி இப்ப செவ்வாய்க்கிழமையிலை படிப்பை விட்டுப்போட்டு எங்களிட்டை வாறாள். நான் கேக்கேல்லை, அவளாத்தான் வாறாள். ஒரு நாள் நாங்கள் ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை, வீட்டுப் போனுக்கு இஞ்சத்தைத் தமிழ்ச் சங்கத்து ஆன்ரி ஒராள் எடுத்திருக்கிறா.

"அம்மா எங்கை பிள்ளை?"

"அம்மா போட்டா."

"ஐயோ! எப்ப?"

"காலமை, எட்டு மணிக்கு."

"ஐயோ கடவுளே! ஆர் பக்கத்திலை நிண்டது?"

"அப்பாதான் கொண்டு போனவர்."

நாங்கள் திரும்பி வர, வாசலிலை செருப்பு நிறைஞ்சு கிடக்கு. உள்ளை சோபாவிலை நாலு பொம்பிளையள், கண்ணெல்லாம் சிவப்பு. ஒராள் மூக்கைத் துடைச்சுக்கொண்டு குரலைச் சரிப்படுத்திறா. அபி நடுவிலை நிண்டு முழுசுறாள், ஏன் இவை அழுகினம் எண்டு விளங்காமல். நான் கதவைத் திறந்துகொண்டு, "செத்தவீடு எத்தினை மணிக்கு?" எண்டு கேட்டன்.

ஒராள் வீரிட்டுக் கத்தினா. மற்ற ஆள் என்ரை கையைக் கிள்ளிப் பாத்தா. பேந்து எனக்காக அழ ஆயத்தமா வந்த ஆக்களுக்கு நானே தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். அவை கொண்டு வந்த பருப்புக்கறியை நான்தான் சாப்பிட்டன். வாயெல்லாம் தகரம் மாதிரிக் கிடந்தது, ருசி பிடிபடேல்லை. எண்டாலும் என்ரை செத்தவீட்டுச் சாப்பாட்டை நானே சாப்பிட்டு ஏப்பம் விட்டதிலை ஒரு சந்தோசப் புழுகம் இருந்தது.

அவை போன பிறகு அபியை இருத்திச் சொன்னன். "பிள்ளை, 'போட்டா' எண்டால் ரெண்டு கருத்து வரும், வெளியிலை போனா எண்டும் வரும், செத்துப் போனா எண்டும் வரும். எங்கடை ஆக்கள் கடைக்குப் போனால்கூட 'போறன்' எண்டு சொல்லமாட்டினம். 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுவினம். போறதோடை வாறதையும் சேத்துச் சொல்லோணும்."

இப்ப ஆர் எடுத்தாலும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுக்கச் சொல்லுறாள்: "அம்மா கீமோவுக்குப் போயிருக்கிறா. திரும்பி வருவா." நான் உள் அறையிலை படுத்துக் கிடந்து ஒவ்வொரு தரமும் அதைக் கேப்பன். வேறை மருந்து தேவையில்லை எண்டு சொல்லமாட்டன். மருந்தும் தேவைதான்.

5

மயிர் கொட்டத் தொடங்கின உடனை அபியைக் கூப்பிட்டு, தேப்பனின்ரை தாடி வழிக்கிற மிசினைக் குடுத்தன். ஒவ்வொண்டா விழுந்து தலகாணியிலை கிடந்து என்னை வெருட்ட விடேலாது எண்டன். வழிச்சாள். வழிச்சு முடிய என்னைச் சுத்தி வந்து பாத்து, "அம்மா, உங்கட தலை வடிவான உருளைக்கிழங்கு" எண்டாள். பழமொண்டுமில்லை, பூவுமில்லை, உருளைக்கிழங்கு. என்ரை பிள்ளைதான்.

இந்த நாட்டிலை முடிக்கும் மருந்துச்சீட்டு எழுதுவினம். அதைக் கொண்டுபோனால் காப்புறுதிக்காறர் ஒரு பங்கைக் குடுப்பினம், கடையிலை பொய்முடி எடுக்கலாம். கடைக்காறி எனக்கெண்டு ஒரு கறுத்த முடியைத் தேடி எடுத்து மாட்டி விட்டா. கண்ணாடியிலை பாத்தால் ரீவியிலை செய்தி வாசிக்கிற பொம்பிளை. அதோடை அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தன்.

"ஆர் பிள்ளை நீ? மலரைக் கூப்பிடு" எண்டா.

அந்த முடி இப்ப அலுமாரிக்குள்ளை ஒரு கோப்பையைப் போத்துக்கொண்டு இருக்கு. நான் மொட்டையாத்தான் திரியிறன். பஸ்ஸிலை ஆக்கள் பாக்கினம். பாக்கட்டும். மார்கழிக் குளிரிலை வந்து இறங்கேக்கையும் இப்பிடித்தான் பாத்தவை.

அதுக்கிடையிலை ஒரு அரசாங்கக் கந்தோரிலையிருந்து எனக்கொரு காட் அனுப்பினவை. "கடுமையான ஊனமுற்றவர்" எண்டு போட்டு என்ரை படமும் ஒட்டிக் கிடக்கு. புற்றுநோய்க்காறருக்கு இஞ்சை அப்பிடி ஒரு காட் இருக்கு. வரி குறையும், லீவு கூடும், மியூசியத்திலை அரைவிலை. எங்கடை மனிசன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். இந்த நாட்டுக்கு வந்து ஒரு மியூசியத்தின்ரை வாசலையும் மிதிக்காத மனிசன், "இஞ்சாரும், அரைவிலையாம், ஒருக்காப் போவமே?" எண்டு கேக்கிறார்.

கூட்டிக்கொண்டு போனன். உள்ளை ஒரு பாடம் பண்ணின ஆனை நிண்டது. நானும் மனிசனும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம். நான் காவலாளி இல்லாத நேரமாப் பாத்து, "போ, அங்காலை போ" எண்டு மெல்லச் சொன்னன்.

6

டொக்ரர் ஒரு நாள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டா. சில குடும்பங்களிலை இது பரம்பரையா வருமாம், அதுக்கு ரத்தமும் எடுத்து அனுப்பினவை. அந்த மறுமொழி இன்னும் வரேல்லை.

"அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் இருந்ததோ?"

"தெரியாது."

"எப்பிடி இறந்தவா?"

"ஷெல் விழுந்து."

எழுதிக்கொண்டு இருந்தவா நிப்பாட்டினா. "அம்மாவின்ரை சகோதரியள்?"

"சின்னம்மாவும் அப்பிடித்தான். அதே கிழமை."

 எனக்கு அவாவைப் பாக்கத்தான் பாவமா இருந்தது. படிவத்திலை அந்தக் கட்டத்துக்குள்ளை எதை எழுதிறது எண்டு அவாவுக்குத் தெரியேல்லை. வருத்தம் வாற வயசு வரைக்கும் இருக்க எங்கடை பொம்பிளையளுக்குக் குடுத்து வைக்கேல்லை. எங்கடை பரம்பரையிலை ஒழுங்கா, கடதாசி எல்லாத்தோடையும் வருத்தம் வந்த முதல் ஆள் நான்தான் எண்டு சொன்னன். சொல்லேக்கை பகிடியாத்தான் சொன்னன். வீட்டை வந்துதான் அது பகிடியில்லை எண்டு விளங்கினது. அம்மாவுக்கு ஒருத்தரும் தகரம் தட்டேலாமல் போச்சு. எனக்கு ரெண்டு நாட்டிலை தட்டுகினம். இதுக்குப் பிறகும் நான் ஓடினால் அது சரியில்லை.

டொக்ரர் இன்னொண்டும் சொன்னவா. ரத்தம் என்ன சொன்னாலும் அக்கா தன்ரை மார்பை ஒருக்காக் காட்டுறது நல்லது எண்டா.

"எனக்கு அங்கை ஒண்டுமில்லை" எண்டா அக்கா.

"எங்கை?"

"அங்கைதான்."

"இடத்தின்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

"எடியே, இவர் பக்கத்திலை நிக்கிறார்!"

"அவருக்குத் தெரியாத இடமோ அது?"

போனை வைச்சிட்டா. அடுத்த தரம் எடுக்க, வயலிலை நெல்லு அருவிவெட்டு எண்டா. அதுக்கடுத்த தரம் கோழி அடைகாக்குது எண்டா. கோழி அடைகாக்க இவா ஏன் வீட்டிலை நிக்கோணும் எண்டு கேட்டன். 

"அக்கா, ஓடக்கூடாது எண்டு ஆர் சொன்னது?"

நான் குரலை உயர்த்தினன்.

"ஓடினவன்ரை வயலுக்கைதான் அது ஆறுதலா நிண்டு தின்னும் எண்டு ஆர் சொன்னது?"

"சரியடி. கத்தாதை."

போனவா. தனிய இல்லை, பரமேசுவையும் இன்னும் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸிலை கிளினிக்குக்குப் போனவா. அங்கை பாத்துப்போட்டு, எதுக்கும் ஸ்கான் ஒண்டு எடுப்பம் எண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கினம். மறுமொழிக்குக் காத்திருந்த ரெண்டு கிழமையும் நான் என்ரை கட்டியை மறந்துபோனன். பேந்து ஒரு நாள் விடிய குரல்பதிவு வந்தது:

"மலர், ஒண்டுமில்லையாம். டொக்ரர்ப் பிள்ளை 'நெகற்றிவ் அம்மா, போட்டு வாங்கோ' எண்டுது. நான் கதிரையை விட்டு எழும்பேல்லை. 'எந்த நெகற்றிவ் பிள்ளை? நல்ல நெகற்றிவோ, எங்கடை தங்கச்சியின்ரை மாதிரி நெகற்றிவோ?' எண்டு கேட்டனான். அது என்னை ஒரு மாதிரிப் பாத்துப்போட்டு, 'அம்மா, உங்கடை மார்பிலை ஒரு வருத்தமும் இல்லை' எண்டு தமிழிலை சொல்லிச்சுது. அதுக்குப் பிறகுதான் வெளிக்கிட்டனான்."

மார்பு எண்ட சொல்லை அக்கா வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தரம். அதுவும் குரல்பதிவிலை. நான் அதை அழிக்கேல்லை.

7

போன கிழமை எனக்கு ஸ்கான். முதல் வகைக் கீமோ முடிஞ்சுது, இனி ரெண்டாவது வகை. சிவப்பா இருக்குமாம், இன்னும் பொல்லாததாம். அதுக்கிடையிலை கட்டி என்ன செய்யுது எண்டு பாக்கிறதுக்கு. டொக்ரர் ஸ்கான் கருவியை மார்பிலை இழுத்து இழுத்துத் தேடினா.  பகிடி ஒண்டும் வரேல்லை.

"அரைவாசிக்கும் மேலை சுருங்கீட்டுது" எண்டா.

"போயிட்டுதோ?"

"போகேல்லை. ஆனால் போய்க்கொண்டு இருக்கு. இன்னும் மருந்து இருக்கு, பிறகு ஒப்பிறேசன். நாங்கள் விடப்போறேல்லை."

இந்த முறை நான் கை குலுக்கேல்லை. அவாதான் குலுக்கினா. குலுக்கிப்போட்டு, "அண்டைக்கு அந்தக் கேக் எனக்குத் தரேல்லையே" எண்டு கேட்டா. வெக்கமாப் போச்சு. அடுத்த வரியம் அதே நாளிலை கொண்டுவந்து தாறன் எண்டன். அடுத்த வரியம் எண்டு நான் வாயாலை சொன்னது எனக்கே பேந்துதான் காதிலை விழுந்தது.

அக்காவுக்கு எடுத்தன்.

"அரைவாசிக்கும் மேலை சுருங்கீட்டுதாம்."

"பாத்தியோ! அம்மனோடை நான் கதைச்ச கதை அப்பிடி."

"உங்கடை ஆனை எப்பிடி?"

"ஒரு மாசமாக் காணேல்லை. வயல் வெட்டின பிறகு காட்டுக்குள்ளை போட்டுது. ஆனால் தகரத்தை உள்ளை எடுத்து வைக்கேல்லை. வெளியிலைதான் கிடக்கு."

"அப்ப ஒரு பானை பொங்குங்கோவன். அரைவாசிக்கு."

"மாட்டன்."

"ஏன்?"

"அண்டைக்கு அவசரப்பட்டது காணும். அந்த மூண்டு பானையையும் கழுவிக் கவிட்டு வைச்சிருக்கிறன். மற்ற வேலைக்கு எடுக்கிறேல்லை. பரமேசு ஒண்டைக் கேட்டவள், குடுக்கேல்லை. நீ எல்லாத்தையும் முடிச்சுக்கொண்டு, உன்ரை மொட்டைத் தலையோடை இஞ்சை வந்து, உன்ரை கையாலை நிமித்து."

 

"சரி அக்கா, வைக்கிறன். நாளைக்குச் செவ்வாய். விடிய வெள்ளனப் போகோணும்."

"எடியே, போறன் எண்டு சொல்லாதை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

"சொல்லப் பாத்தாய். ஒழுங்காச் சொல்லு."

"போட்டு வாறன், அக்கா."

"ஓம். போட்டு வா."